ஸ்டென்ட் வைத்தாச்சு, அப்புறம் என்ன செய்வது என்று யார் சொல்வது?

மாமாவுக்கு மாரடைப்பு வந்து, அடைத்த இரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கிற ஸ்டென்ட் என்ற சின்ன வலைக் குழாயை வைத்தது நான் லண்டனில் இருந்து மட்டக்களப்புக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்னர்தான். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மணிக்கட்டு வழியாகச் செய்து, ஆளைக் காப்பாற்றித் தந்துவிட்டார்கள், அதற்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. நான் எழுத வந்தது டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு நடந்ததைப் பற்றி.

கையில் கொடுத்த அட்டை முழுக்க ஆங்கிலம். மாமா படுவான்கரையில் வயல் செய்கிறவர், மாமி தமிழ் மட்டும்தான் வாசிப்பா. வாட்டில் நின்ற கூட்டத்துக்குள் ஒரு நேர்ஸ் "உப்பைக் குறையுங்க, குளிசையை ஒழுங்காப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடியிருக்கிறார். அந்தச் சனத்தைப் பார்த்தால் அவரிலும் பிழை சொல்ல ஏலாது.

ஆனால் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? மாமா நடக்கப் பயந்து கட்டிலோடு கிடக்கிறார், பல் முரசில் இரத்தம் வருகிறது என்று, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கிற குளோபிடோகிரல் குளிசையை நிற்பாட்டவும் யோசிக்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் "ஓம், ரெண்டு நாள் விடுங்க" என்கிறார். இதுதான் எனக்கு நெஞ்சைப் பதறவைத்தது. புதிதாக வைத்த ஸ்டென்டின் மேல் இரத்தக் குழாயின் உட்தோல் வளர்ந்து மூடும் வரைக்கும் அதில் இரத்தம் கட்டியாகி அடைக்கக்கூடும், அதனால்தான் அஸ்பிரினோடு இந்தக் குளிசையையும் தருகிறார்கள், மாரடைப்புக்குப் பிறகு என்றால் வழமையாக ஒரு வருடமளவு. பல்லுப் பிடுங்கப் போனாலும் சரி, இதய டொக்டரைக் கேட்காமல் நிற்பாட்டவே கூடாது. இந்த ஒரு விஷயத்தையாவது தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

லண்டனில் இதற்கென்றே வகுப்பு இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர்களைக் கிழமைக்குக் கிழமை கூப்பிட்டு, உடற்பயிற்சி செய்ய வைத்து, மருந்து, சாப்பாடு, மனப்பயம் எல்லாம் பேசுவார்கள். நம்மூரில் அவ்வளவு ஆளும் நேரமும் உடனே கிடைக்காது, சரி. ஆனால் மாமாவோடு கிளினிக்குக்குப் போனபோது ஒரு இளம் நேர்ஸ் கொப்பியின் பின்பக்கத்தில் இதயத்தைக் கீறி, மாமாவை விட்டுவிட்டு மாமியைப் பார்த்துப் பேசினா பாருங்கள், அதுதான் சரியான முறை! சமைக்கிறவரும் குளிசை எடுத்துக் கொடுக்கிறவரும் மாமிதானே. அவ சொன்னது இதுதான்: மீன் தாராளமாகச் சாப்பிடலாம், கருவாட்டையும் ஊறுகாயையும் விடுங்க, தேங்காய்ப்பாலைக் குறையுங்க. நெஞ்சு நொந்தால் இருந்துகொண்டு அதற்கென்று தந்த குளிசையை நாக்குக்கு அடியில் வையுங்க, ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் ஓட்டோ தேடாமல் 1990க்கு அடியுங்க, அம்புலன்ஸ் இலவசம். அந்தக் குளிசையை வந்த போத்தலிலேயே இறுக்கி மூடி வைக்கவும் சொன்னா. மாமி அதைக் கடதாசியில் சுற்றி அடுப்பங்கரைத் தட்டில் வைத்திருந்தா.

நடையும் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. முதலில் வளவுக்குள் கொஞ்ச நேரம், பிறகு கல்லடிப் பழைய பாலத்தில் பின்னேரக் காற்றில், கதைத்துக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில்.

வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் போனில் "சுகமா?" என்று கேட்டுவிட்டு வைக்காமல், எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு, முடியப் போகிறதா என்று கேட்க வேண்டும். மாமி இப்போது அடுத்த கிளினிக்குக்குக் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறா: மோட்டார் சைக்கிள் எப்ப ஓடலாம், உர மூட்டை தூக்கலாமா, வயலுக்கு எப்ப இறங்கலாம்.