டிரினிடாடா, பார்படோஸா? மண்ணிலிருந்தே தொடங்கும் வேறுபாடு

கரீபியனில் ஒரு தீவைப் பார்க்கத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால், முதலில் காலடி மண்ணைப் பாருங்கள். டிரினிடாட் தென் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிரிந்த துண்டு. வெனிசுவேலா வெறும் 11 கிலோமீட்டரில் இருக்கிறது. பார்படோஸின் பெரும்பகுதி கடலிலிருந்து மேலெழுந்த பவளப் பாறை, மொத்தமே 431 சதுர கிலோமீட்டர்.

கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டல், மழைக்காலத்தில் டிரினிடாட் கடலைக் கலங்கடித்துவிடும். பார்படோஸில் மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடுகிறது. வண்டல் சுமந்து வரப் பெரிய ஆறு கிடையாது. அதனால் மேற்குக் கரையில் கடலடி மணல் வரை தெரியும். குடிநீரும் பெரும்பாலும் அந்தப் பாறைக்குள் தேங்கியதுதான். நீச்சலுக்கு என்றால் பார்படோஸ், யோசிக்கவே வேண்டாம்.

இரண்டிலும் ஜனவரி முதல் மே வரை வறண்ட காலம், ஜூன் முதல் மழை. புயல்கள் பெரும்பாலும் டிரினிடாடுக்கு வடக்கே போய்விடும். அங்கே தொல்லை கரோனி சமவெளி வெள்ளம். பார்படோஸை 2021இல் எல்சா புயல் தாக்கியது. 2024இல் பெரில் புயல் தெற்கே ஒதுங்கிப் போனபோதும் மீன்பிடிப் படகுகளை நொறுக்கிவிட்டது.

டிரினிடாடின் வருமானம் எண்ணெய், எரிவாயு, பாயின்ட் லிசாஸ் தொழிற்பேட்டையின் அம்மோனியா, மெத்தனால். எரிவாயு உற்பத்தி குறைந்ததால் அமெரிக்க டாலருக்குத் தட்டுப்பாடு. செலவுக்கு வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். மிஞ்சிய உள்ளூர்ப் பணத்தைத் திரும்ப டாலராக்குவது பெரும்பாடு. பார்படோஸில் இந்தக் கவலை இல்லை. 1975 முதல் இரண்டு பார்படோஸ் டாலருக்கு ஓர் அமெரிக்க டாலர், கடைகளில் நேரடியாகவே வாங்கிக்கொள்வார்கள். ஆனால் சுற்றுலாவை நம்பிய நாடு, பெரும்பாலான சரக்கு கப்பலில் வருகிறது. விலை கையைக் கடிக்கும்.

அடிமை முறை ஒழிந்தபின் டிரினிடாடில் தரிசு நிலம் ஏராளம். விடுதலையானவர்கள் தோட்டத்தை விட்டு அங்கே போனார்கள். அந்த இடத்தை நிரப்ப 1845 முதல் 1917 வரை 1,40,000 பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையில் ஏறியவர்களின் மரபு இன்றும் அங்குள்ள காளி கோயில்களில் வாழ்கிறது. பார்படோஸில் நிலமெல்லாம் கரும்புத் தோட்டம். விடுதலையானவர்களுக்குப் போக இடமில்லாததால் அவர்களே குறைந்த கூலிக்கு அங்கே உழைக்க நேர்ந்தது. வெளியிலிருந்து ஆள் தேவைப்படவில்லை.

இது தட்டிலும் தெரியும். டிரினிடாடின் காலை உணவு டபுள்ஸ்: மஞ்சள் தூள் சேர்த்த மைதா மாவில் பொரித்த ‘பாரா’ என்னும் மெத்தென்ற ரொட்டி இரண்டு, மேலே கொண்டைக்கடலைக் குழம்பு. காரம் எவ்வளவு என்று கேட்பார்கள்; முதல் முறை ‘ஸ்லைட்’ என்று சொல்லுங்கள், மிளகாய் கடுமையானது. பார்படோஸின் கூகூ நம் களிக்கு உறவு. வெண்டைக்காயை வேகவைத்த வழவழப்பான நீரில், ஊறவைத்த சோளமாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துத் தட்டையான மரத்துடுப்பால் கிண்டுவார்கள். உலர்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். பறக்கும் மீன் குழம்போடு சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் இறுகிப்போகும்.