மரப்படகைப் பருவம் முழுவதும் நீரில் விடுவதா, கரையேற்றி வைப்பதா?

பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கட்டிய சிறிய பாய்மரப் படகு வைத்திருப்போர் பலரும் பருவத் தொடக்கத்தில் இந்த முடிவில்தான் தடுமாறுகிறார்கள்.

கசிவு
நீரில்: பலகைகள் ஊறிப் பருத்து, இடுக்குகளில் திணித்த பஞ்சுத்திரியை இறுக்கிக்கொள்வதால் கசிவு தானாகவே குறைகிறது.
கரையில்: வெயிலில் காய்ந்து இடுக்குகள் விரிவதால், மறுபடி இறக்கியதும் சில நாள் நீர் இறைக்க நேரிடும். அதைக் கண்டு பதறி, காய்ந்த இடுக்கில் இறுகிப்போகும் பசையை அடைத்துவிடாதீர்கள்; பின்னர் பலகை ஊறும்போது பருக்க இடமின்றி ஆணிகளைத் தளர்த்தும், உள்சட்டத்தையே முறிக்கவும் கூடும். இறக்குவதற்கு முன் ஈரச் சாக்கு போர்த்தி வைப்பதே நல்லது.

கேடு
நீரில்: கடலாக இருந்தால் கப்பல் புழுதான் பெரிய பகை. சிப்பி இனத்தைச் சேர்ந்த அது, பூச்சு உரிந்த ஊசிமுனை இடத்தில் நுழைந்து, மேற்பரப்பு மாறாமலே உட்புறத்தைக் குடைந்துவிடும்.
கரையில்: தேங்கும் மழைநீர் மரத்தை உளுக்கச் செய்யும் என்பதால், மூடுதுணிக்கு அடியிலும் காற்றோட்டம் வேண்டும்.

செலவு
நீரில்: பாசித்தடுப்புப் பூச்சு, நங்கூரக் கயிறு.
கரையில்: தள்ளுவண்டி, ஆள்பலம்.

அடிக்கடி ஓட்டப்படும் கனத்த படகை நீரிலேயே விட்டு, நடுவில் ஒருமுறை கரையேற்றி அடிப்புறத்தைச் சுரண்டிப் பூசுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. எப்போதாவது ஓட்டும் இலேசான படகுக்கு நிழலான கரை போதும். ஒட்டுப்பலகையில் செய்த படகென்றால் தயக்கமின்றிக் கரையேற்றி வைக்கலாம், அதன் இணைப்புகள் காய்ந்து விரிவதில்லை.