வலிக்குக் கணக்கு வைக்கிறார்களா? இறுதிக்காலப் பராமரிப்பு நிலையத்துடன் ஓராண்டு அனுபவம்

நோய் முற்றிய ஒருவரைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ளும் நிலையம் நல்லதா என்று முடிவு செய்ய, நம் பக்கத்தில் பெரும்பாலும் மூன்றைத்தான் பார்க்கிறார்கள்: கட்டடம் தூய்மையாக இருக்கிறதா, பேசுகிறவர்கள் பணிவாகப் பேசுகிறார்களா, மாதம் எவ்வளவு ஆகும். இந்த மூன்றும் குறையில்லாமல் இருந்தும் நோயாளி இரவெல்லாம் வலியில் துடிக்கக்கூடும் என்பதை நாங்கள் அனுபவித்தே அறிந்தோம். வலியை யார் கேட்கிறார்கள், கேட்டதை எழுதி வைக்கிறார்களா, எழுதியதைப் பார்த்து மருந்தை மாற்றுகிறார்களா, நள்ளிரவில் தொலைபேசியை எடுப்பவருக்கு நம் நோயாளியைத் தெரியுமா என்பவையே ஒரு நிலையத்தின் தரத்தைக் காட்டுகின்றன. ஓராண்டுக்கும் மேலாக என் அம்மாவைக் கவனித்துக்கொண்ட நிலையத்தை இந்த அளவுகோலை வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன். அதன் பெயரை எழுதவில்லை. படுக்கைகள் குறைவான சிறிய இடம் அது. மேலும், வாசிக்கிறவர்களுக்குப் பெயரை விட எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். வெற்றிலையோடு புகையிலை போடுவது இளவயதிலிருந்தே பழக்கம். அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து சில மாதங்களில் நோய் திரும்பியது. இனிக் கட்டியைக் கட்டுப்படுத்த வழியில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீடு அவிநாசிக்கு வடக்கே, சேவூர்ப் பக்கம்.

முதலில் நாங்கள் அமர்த்தியது நகரத்திலிருந்த ஒரு தனியார் வீட்டுச் செவிலியர் முகமையை. சீருடை, கைப்பேசிச் செயலி, மாதச் சந்தா என எல்லாம் ஒழுங்காக இருந்தன. வந்த பெண்ணும் பொறுமையானவர். அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அவர் கையில் கொடுத்து அனுப்பப்பட்ட பதிவேட்டில் இரத்த அழுத்தத்துக்கும் நாடித்துடிப்புக்கும் காய்ச்சலுக்கும் கட்டங்கள் இருந்தன, வலிக்குக் கட்டமே இல்லை. அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்த நாளிலும் அந்தத் தாளில் எல்லாம் சரி என்றே எழுதப்பட்டிருந்தது. கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மருந்து வேண்டும் என்று கேட்டபோது, அதெல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் கிடைக்கும் என்றார்கள். உண்மை அப்படியில்லை என்பது பிறகு தெரிந்தது.

உறவினர் ஒருவர் சொல்லி, கோவைக்கு வெளிப்புறத்தில் தொண்டு அமைப்பு ஒன்று நடத்தும் நிலையத்துக்குப் போனோம். அங்கே உள்நோயாளிப் படுக்கைகளும் உண்டு, வீட்டுக்கு வந்து பார்க்கும் குழுவும் உண்டு. முதல் நாள் வீட்டுக்கு வந்த செவிலியர் அழுத்தமானியை எடுக்கவே இல்லை. ஆசாரத்தில் (வீட்டின் கூடத்தில்) அம்மாவின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஆத்தா, தாங்கவே முடியாத வலிய ஒரு ரூபாய்னு வெச்சுக்குங்க. இப்ப எத்தனை அணா வலிக்குதுங்க?" என்று கேட்டார். பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை எண் சொல்லச் சொன்னபோதெல்லாம் விழித்த அம்மா, யோசிக்காமல் "பன்னெண்டணா" என்றார். பழைய கணக்கில் பதினாறு அணா ஒரு ரூபாய். முழுங்கும்போது எவ்வளவு, படுத்தால் எவ்வளவு, ராத்திரியில் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிற்பாடு வந்த ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி அணாக் கணக்குத்தான். மருந்து தொடங்கிய ஒரு வாரத்துக்குள் அது நாலணாவுக்கு இறங்கியது.

அந்த மருந்து மார்ஃபின் மாத்திரை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் பல பத்தாண்டுகள் இது மருத்துவர்களுக்கே எட்டாமல் இருந்தது. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாதவையாக வகைப்படுத்தப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் அவற்றை வாங்கி, இருப்பு வைத்து, வீட்டில் இருக்கும் நோயாளிக்குக் கொடுத்தனுப்பலாம். ஆகவே ஒரு நிலையத்தை விசாரிக்கும்போது, மார்ஃபின் மாத்திரை கையிருப்பில் உள்ளதா, அதற்கான அங்கீகாரம் உண்டா என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட வேண்டும். அதற்கு மழுப்பலான பதில் வந்தால், மற்றவற்றைப் பற்றி மேற்கொண்டு விசாரிப்பதில் பொருளில்லை. நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு, மார்ஃபினுக்கு மூலமான அபினிச் செடி பயிராகிறது. இருந்தும் முற்றிய புற்றுநோயாளி ஒருவர் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கிடக்கிறார் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

மருந்தைக் கொடுத்த முறையையும் சொல்ல வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும்; வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டிப்பு அளவு, நடுவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. இடையில் வலி எகிறினால் கூடுதலாக ஒரு வேளை, அதை நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். கூடவே மலச்சிக்கலுக்கான மருந்தை முதல் நாளிலிருந்தே தவறாமல் கொடுக்கச் சொன்னார்கள். மார்ஃபின் எழுதிக் கொடுத்துவிட்டு இதை எழுத மறக்கும் இடம் அந்த மருந்தை அறிந்த இடமாக இருக்க முடியாது. பழகிவிடுமே, போதையாகிவிடுமே என்று என் மாமா கேட்டதற்கு மருத்துவர் சலித்துக்கொள்ளவில்லை. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கம் இருக்கும், பிறகு தெளிந்துவிடும், வலிக்காகச் சரியான அளவில் கொடுக்கும்போது அடிமையாவது அரிது என்று அவருக்குப் புரியும் வரை விளக்கினார்.

என் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தது புண்ணைக் கவனித்த விதம். கன்னத்துப் புண் வெளிப்புறமாக உடைந்த பிறகு வீட்டில் நாற்றம் தாங்க முடியவில்லை. ஊதுவத்தி, சாம்பிராணி எதற்கும் அடங்கவில்லை. அம்மா பேரப்பிள்ளைகளைக் கிட்டவே விடமாட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். செவிலியர் செய்தது மிக எளியது. உப்பு நீரால் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை நன்றாகப் பொடித்து, புண்ணின் மேல் தூவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டினார். என் மனைவியையும் பக்கத்தில் நிறுத்தி, மறுநாள் அவரையே கட்ட வைத்துப் பார்த்தார். அந்த வாரத்துக்குள் நாற்றம் பெருமளவு அடங்கியது. ஒன்றிரண்டு ரூபாய் மாத்திரைதான். சின்னப் பேத்தி கட்டிலில் ஏறி உட்கார்ந்து சீட்டு விளையாட ஆரம்பித்தாள். லட்சங்கள் செலவான சிகிச்சையில் இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் நிலையத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி என்பது உடம்பில் மட்டும் இருப்பதன்று, மனத்திலும் குடும்பத்திலும் நம்பிக்கையிலும் சேர்ந்திருப்பது என்றார். பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்த நாளில் அம்மா கூடுதல் வேளை மாத்திரை கேட்கவில்லை என்பது எங்கள் தாளிலேயே பதிவாகியிருக்கிறது.

இரவுநேரத் தொடர்பைப் பொறுத்தவரை இந்த நிலையத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். புண் கழுத்துப் பக்கம் இறங்கியபோது, செவிலியர் என்னையும் என் மனைவியையும் வாசலுக்கு அழைத்து, பெரிய இரத்தக் குழாய் அரிக்கப்பட்டுத் திடீரெனப் பெருக்கெடுக்கும் வாய்ப்பு இருப்பதை மறைக்காமல் சொன்னார். அடர்ந்த நிறத்தில் துண்டுகள் நான்கைந்தைக் கட்டிலடியில் மடித்து வைக்கச் சொன்னார். வெள்ளைத் துணியில் இரத்தம் பரவுவதைப் பார்த்தால் நோயாளி மிரண்டுபோவார் என்பதே காரணம். அந்த நேரத்தில் போட வேண்டிய மயக்க ஊசியைப் பற்றியும், யாரை அழைக்க வேண்டும் என்பதைப் பற்றியும் எழுதிக் கொடுத்தார். ஒரு நள்ளிரவில் கசிவு ஏற்பட்டு நான் அழைத்தபோது, எடுத்தவர் பெயரைக் கேட்டதும், "சேவூர் ஆத்தாதானுங்களே? புண்ணு எந்தப் பக்கம் கசியுது?" என்றார். எங்கே அழுத்த வேண்டும், எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, நிற்கும் வரை இணைப்பைத் துண்டிக்கவில்லை. பெரிய பெருக்கு கடைசிவரை வரவில்லை. வந்திருந்தாலும் நாங்கள் ஆம்புலன்ஸைத் தேடி ஓடியிருக்க மாட்டோம்.

உண்மையைச் சொல்வதிலும் அவர்களிடம் ஒரு நிதானம் இருந்தது. அம்மாவிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டோம். மருத்துவர் சரி என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. அம்மாவிடமே போய், "உங்க உடம்பப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கோணும்னு நெனைக்கறீங்க ஆத்தா?" என்று கேட்டார். "தேருக்கு இருப்பனாங்க? அதச் சொன்னீங்கன்னாப் போதும்" என்றார் அம்மா. அவிநாசித் தேர் ஓடும் சித்திரைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. உறுதியாகச் சொல்ல முடியாது, பார்க்க வேண்டியதை முன்னாலேயே பார்த்துக்கொள்வது நல்லது என்று பதில் வந்தது. தை மாதத்தில், புறப்படும் முன் கூடுதலாக ஒரு வேளை மாத்திரை கொடுத்து, அவிநாசியப்பர் கோயிலுக்குக் காரில் அழைத்துப் போனோம். திரும்பி வந்த அன்றே அம்மா தன் நகைகளை யார் யாருக்கு என்று பிரித்துச் சொன்னார். செயற்கைச் சுவாசக் கருவி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்பதையும் அவர்களே விளக்கினார்கள். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை ஏற்று, 2023-இல் நடைமுறையை எளிதாக்கிவிட்டது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரோ சான்றளித்தால் போதும்.

குறைகளும் இருக்கின்றன. மருந்துத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. மருந்து கொடுப்பவர் என் மனைவி; அவரால் அதைப் படிக்க முடியாது. நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே தமிழில் எழுதித் தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் மருந்தகம் திறப்பதில்லை. மாத்திரை தீரும் நாளை நாம்தான் கணக்கிட்டு வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிவிட வேண்டும். ஆறுதல் சொல்ல வந்த தன்னார்வலர் ஒருவர், முற்பிறவிப் பாவம் தீர்கிறது என்று அம்மாவிடம் பேசிவிட்டுப் போனார். நான் புகார் செய்த பிறகு அவரை அனுப்பவில்லை என்றாலும், பயிற்சி கொடுக்காமல் ஒருவரைக் கட்டிலருகே அனுப்பியதைச் சிறிய தவறாக என்னால் நினைக்க முடியவில்லை. வீட்டுக்கு வரும் எல்லையின் விளிம்பில் எங்கள் ஊர் இருந்ததால் வாரம் ஒரு முறைக்கு மேல் அவர்களால் வர இயலவில்லை. இடைப்பட்ட நாட்களில், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியர் வந்து புண்ணைப் பார்த்துக் கட்டிவிட்டுப் போனார். இரு தரப்பும் ஒரே நோட்டில் எழுதும்படி நாங்கள் கேட்டுக்கொண்டோம். அது பெரிய வசதியாக இருந்தது. வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் போனால், 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இத்தகைய பராமரிப்பு இயக்கம் வளர்ந்து, உள்ளாட்சி அளவிலேயே வீடு தேடி வரும் செவிலியர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு அருகில் இருந்தும் நம் பக்கம் அது பரவலாகவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலக அளவில் இத்தகைய பராமரிப்பு தேவைப்படுவோரில் சுமார் 14 சதவீதத்தினருக்கே அது கிடைக்கிறது.

என் மனைவி உடல்நலம் குன்றியபோது அம்மாவைச் சில நாட்கள் நிலையத்திலேயே வைத்திருந்தோம். உடன் ஒருவர் தங்கலாம், சமைத்துக்கொள்ளலாம். அரிசியும் பருப்பும் சாதத்தைக் குழைய மசித்து நெய் விட்டு இரண்டு வாய் ஊட்ட அனுமதித்தார்கள். அந்தக் கட்டத்தில் விருப்பத்துக்குத் தடை சொல்ல என்ன இருக்கிறது என்றார்கள். படுக்கைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது ஒன்றே குறை.

கடைசி நாட்களில் உறவினர்கள் ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏற்றுங்கள் என்று வற்புறுத்தினார்கள். மருத்துவர் என் பெரியம்மாவின் அருகே உட்கார்ந்து, உடல் ஏற்காத நிலையில் நீரை ஏற்றினால் கைகால் வீங்கும், நெஞ்சில் சளி சேர்ந்து மூச்சுத் திணறும், உதடும் நாக்கும் உலராமல் பஞ்சால் நனைத்துக்கொண்டிருப்பதே இப்போது செய்ய வேண்டியது என்றார். பெரியம்மாவே அந்தப் பஞ்சை வாங்கிக்கொண்டார்.

அம்மா வீட்டிலேயே இறந்தார். நிலையத்தின் மருத்துவர் வந்து பார்த்து, இறப்புக்கான காரணத்தை எழுதிக் கொடுத்தார். 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்றும் நினைவூட்டினார். அதனால் சான்றிதழ் வாங்குவதில் அலைச்சல் ஏற்படவில்லை. கருமாதி முடிந்த பிறகு செவிலியர் வந்து, மீதமிருந்த மார்ஃபின் மாத்திரைகளை எங்கள் முன்னிலையில் எண்ணி, பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட்ட பின்னரே எடுத்துச் சென்றார். காற்று மெத்தைக்காக வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தந்தார்கள். ஓராண்டில் கட்டணம் என்று எதையும் கேட்கவில்லை. கொடுத்த நன்கொடைக்கு ரசீது தந்தார்கள். என் மனைவிக்குத் தூக்கம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, அடுத்த மாதம் மீண்டும் அழைப்பதாகச் சொன்னார்கள். அந்த அழைப்பு வரவில்லை. நாங்களே அழைத்துக் கேட்டபோது ஆலோசகரோடு நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.