எடைச்சீட்டில் 27,640 கிலோ, டோல்கேட்டில் 34,020 கிலோ: சொந்த வண்டிக்காரர்கள் கவனிக்கவும்

ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்துப் பிழைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய டிரான்ஸ்போர்ட்காரர்களுக்கு இதையெல்லாம் பார்க்கத் தனியாக ஆள் இருக்கும். நமக்கு நாம்தான். இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். இரண்டு தடவையும் போனில் வந்த ஒரு சீட்டின் போட்டோவை நம்பித்தான் ஏமாந்தேன்.

எனக்கு ஊர் சங்ககிரி. 2021 மாடல் டாரஸ் லாரி ஒன்று இருக்கிறது, பத்து டயர். ஆர்.சி.யில் மொத்த எடை 28 டன். பத்து டயர் வண்டிக்கு முன்பு 25 டன்தான் அனுமதி. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு (ஆக்ஸில்) எடையைக் கூட்டியபோது 28 ஆனது. வண்டியின் வெறும் எடை 9,860 கிலோ. ஆக, 18 டன்னுக்குக் கொஞ்சம் மேல்தான் லோடு ஏற்ற முடியும். அதற்கு மேல் ஏற்றுவதில்லை என்று வண்டி வாங்கிய நாளிலேயே முடிவு செய்துவிட்டேன். டயர், ஸ்பிரிங் பட்டை, பிரேக் எல்லாம் போய்விடும் என்பது ஒரு காரணம். எங்கள் வண்டி வாரம் இரண்டு தடவை தொப்பூர் கணவாய் இறங்குகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அன்றைக்கு வந்தது பழைய இரும்பு லோடு. ஓசூர் பக்கம் ஒரு ஸ்கிராப் யார்டு, இறக்க வேண்டிய இடம் பெருந்துறையில் ஒரு ரோலிங் மில். டன்னுக்கு 800 ரூபாய் வாடகை. புக்கிங் ஆபீஸ் மூலமாக வந்த பார்ட்டி, நமக்குப் பழக்கமில்லை. யார்டுக்குள்ளேயே எடைமேடை இருந்தது. காலி வண்டியாக உள்ளே போகும்போது எடை போட்டார்கள், சரியாக 9,860 வந்தது. லோடு ஏற்றி முடிக்க ராத்திரி 10 மணிக்கு மேல் ஆகிவிட்டது. எடை போட்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். மொத்தம் 27,640. லோடு மட்டும் 17,780.

என் டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். எனக்கு அண்ணன் மாதிரி. யார்டு வாசலில் இருந்தே போன் செய்தார்.

“ஏனுங்க தம்பி, சீட்டுல இருபத்தேழு அறுநூத்தி நாப்பதுன்னு போட்டிருக்காங்க. ஆனா வண்டி அப்படி இல்லீங்க. பின்னாடி பட்டை நல்லா உக்காந்திருச்சு. கியர் போட்டா இழுக்க மாட்டேங்குது. எனக்கு என்னமோ சரியாப் படலீங்க.”

சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கம்ப்யூட்டர் சீட்டு, தேதி, நேரம், வண்டி நம்பர் எல்லாம் சுத்தமாக இருந்தது. “சீட்டுல சரியாத்தானே அண்ணா இருக்கு, பொறுமையா வாங்க” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிற மனுஷன் சொன்னதை விட்டுவிட்டு ஒரு காகிதத்தை நம்பினேன். பணம் போனதைவிட இதுதான் இன்னும் மனதை அரிக்கிறது.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு டோல்கேட்டில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எடை பார்க்கும் கருவியைப் பாதைக்குள் பதித்திருக்கிறார்கள். வண்டி மெதுவாக ஏறி இறங்கினால் போதும், ஒவ்வொரு அச்சிலும் எவ்வளவு எடை என்று தனித்தனியாகக் காட்டிவிடும். எங்கள் வண்டிக்கு 34 டன்னுக்கு மேல் காட்டியது. ஓரமாக இருந்த நிலையான எடைமேடைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே 34,020. அன்றைக்குப் பிரேக் இன்ஸ்பெக்டரும் அங்கேயே சோதனையில் இருந்தார். கையில் இருந்த மெஷினில் வண்டி நம்பரைப் போட்டதும் ஆர்.சி. விவரம் முழுக்க வந்துவிட்டது. டிரைவர் எனக்குப் போன் செய்வதற்கு முன்பே சலான் எஸ்.எம்.எஸ். என் போனுக்கு வந்துவிட்டது.

தொகை 32,000 ரூபாய். எப்படி இவ்வளவு என்று சிலருக்குத் தெரியாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தும் வரை ஓவர்லோடுக்கு அபராதம் 2,000, கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 1,000. இப்போது 194-ஆம் பிரிவின்படி அடிப்படையே 20,000, டன்னுக்கு 2,000. எனக்கு 6 டன் அதிகம், அதனால் 12,000 சேர்ந்தது. எடை போட மறுத்து வண்டியை நிறுத்தாமல் போனால் 40,000. புக்கிங் ஆபீஸ்காரரைக் கூப்பிட்டபோது அவர் சொன்னது: “முன்னாடியே சொல்லியிருந்தா வேற ரூட்ல போகச் சொல்லியிருப்பேனுங்க.” அப்படியானால் அவருக்கு எடை தெரிந்திருக்கிறது.

அபராதத்தோடு முடியவில்லை. அதிகமான லோடை இறக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது, இறக்கும் செலவும் நம்முடையது. மூட்டையாக இருந்தால் நாலு ஆள் வைத்து மாற்றிவிடலாம். ஸ்கிராப்புக்குக் கிரேன் வேண்டும். கிரேன் 6,000, மாற்று லாரி 8,500, ஆட்கூலி 2,500. ஒன்றரை நாள் வண்டி ரோட்டோரம் நின்றது. 14,224 ரூபாய் வாடகைக்குப் போன வண்டிக்கு 49,000 ரூபாய் செலவு.

அந்தக் கருவி மீது எனக்குக் கோபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பிடிபட்டிருக்காவிட்டால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதே 34 டன்னோடு என் டிரைவர் தொப்பூர் இறக்கத்தில் இருந்திருப்பார். 2024 ஜனவரியில் அங்கே ஒரு லாரி முன்னால் போன வண்டிகள் மீது மோதி 4 பேர் இறந்த கேமரா காட்சியை நம்மில் பலரும் பார்த்திருப்போம். அதை நினைத்தால் 49,000 பெரிய தொகையாகத் தெரியவில்லை.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். யார்டு சீட்டுக்கும் டோல்கேட் எடைக்கும் வித்தியாசம் 6,380 கிலோ. எடைமேடை கொஞ்சம் பழுதாக இருந்தால் நூறு, இருநூறு கிலோ தவறும். ஆறு டன் எப்படித் தவறும்? டோல்கேட்டில் கொடுத்த சீட்டில் அச்சுவாரியாக எடை இருந்தது. முன் அச்சு 6,410 கிலோ, கிட்டத்தட்ட அந்த வித்தியாசமேதான். அதைப் பார்த்ததும்தான் புரிந்தது. டிரைவரிடம் கேட்டேன். லோடோடு எடை போடும்போது யார்டு ஆள் டார்ச் அடித்து, “இன்னும் முன்னாடி, இன்னும் முன்னாடி” என்று கை காட்டியிருக்கிறார். இருட்டு, மேடையின் ஓரமெல்லாம் மண் மூடிக் கிடந்திருக்கிறது. முன் சக்கரம் இரண்டும் மேடையைத் தாண்டித் தரையில் நின்றிருக்கிறது. பின் அச்சுகளின் எடையைத்தான் முழு வண்டி எடை என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இதனால் அவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். பில்லும், சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் இ-வே பில்லும் 17,780 கிலோவுக்குத்தான். ஸ்கிராப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மீதி 6,380 கிலோ பில்லே இல்லாமல் போகிறது, அதற்கு லாரி வாடகையும் கிடையாது. வழியில் ஜி.எஸ்.டி. பறக்கும் படை பிடித்திருந்தால் 129-ஆம் பிரிவில் சரக்கோடு வண்டியையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். சரக்கு அவர்களுடையது, வண்டி என்னுடையது. இப்போது ஃபாஸ்டேக், இ-வே பில், இ-சலான், வாகன் பதிவு என்று எல்லாமே கம்ப்யூட்டரில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முதலாவதாக உள்ளே போகும் அந்த எடை மட்டும் ஒரு யார்டு ஆளின் டார்ச் வெளிச்சத்தில் முடிவாகிறது. இ-வே பில் போடும்போது எடைமேடையின் எடை நேராக அதில் ஏற வேண்டும், கூடவே எல்லாச் சக்கரமும் மேடையில் நிற்கும் போட்டோவும் வேண்டும். எடைமேடைகளில் கேமரா வைத்துப் போட்டோவோடு சீட்டு தருகிறவர்கள் இப்போதே இருக்கிறார்கள். அதைக் கட்டாயமாக்கினால் இந்தத் திருட்டில் பாதி நின்றுவிடும்.

அடுத்த வாரம் டிரைவரையும் கூட்டிக்கொண்டு யார்டுக்குப் போனேன். “சீட்டு கம்ப்யூட்டர்ல வந்தது, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார்கள். சுவரில் மாட்டியிருந்த முத்திரைச் சான்றிதழைப் பார்த்தேன். எடை சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்து எடைமேடைக்கு வருடா வருடம் முத்திரை போட வேண்டும். அந்தச் சான்றிதழின் தேதி முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. போட்டோ எடுக்கப் போனதும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரு போட்டோ எடுத்துவிட்டேன்.

இரண்டாவது ஏமாற்றம் சலான் விஷயத்தில். 32,000-த்தை உடனே கட்டக் கையில் பணம் இல்லை. டீசலுக்கே கடன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் வேலை பார்க்கும் ஒரு ஏஜென்ட், “18,000 கொடுங்க, ஆன்லைன்லயே க்ளோஸ் பண்ணிடறேன், உள்ளே ஆள் இருக்கு” என்றார். ஜிபே-யில் அனுப்பினேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் ரசீது வந்தது. சலான் நம்பர், வண்டி நம்பர், ‘பணம் செலுத்தப்பட்டது’ என்று பச்சை எழுத்து. எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்று) விண்ணப்பிக்கும் வரை அதை நம்பிக்கொண்டிருந்தேன். சலான் நிலுவை இருக்கிறது என்று விண்ணப்பம் நகரவே இல்லை. மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் இ-சலான் பக்கத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தால் 32,000 அப்படியே நிற்கிறது. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன். பணம் போன உடனே அழைத்திருந்தால் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும், நான் அழைத்தது ஆறு வாரம் கழித்து. கடைசியில் 32,000-த்தையும் முழுசாகக் கட்டினேன்.

சலான் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு ஆப் கோப்பு அனுப்பும் கூட்டமும் சுற்றுகிறது. அதைத் தொட்டால் போனில் உள்ள ஓ.டி.பி. எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். அரசாங்கம் வாட்ஸ்அப்பில் ஆப் அனுப்பாது. சலான் உண்மையா, கட்டியாகிவிட்டதா என்று பார்க்க அந்த இணையதளம் ஒன்று போதும், காசு கிடையாது, இரண்டு நிமிடம். யார் எந்த ரசீது அனுப்பினாலும் அங்கே போய்ப் பாருங்கள். நான் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

எடை விஷயத்தில் இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். புதுப் பார்ட்டி என்றால், யார்டு எடை எதுவாக இருந்தாலும், வெளியே வந்ததும் பொது எடைமேடையில் ஒருமுறை எடை போட்டுத்தான் வண்டி ரோட்டில் ஏறுகிறது. அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். எடை போடும்போது டிரைவர் இறங்கி, எல்லா டயரும் மேடைக்குள் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துப் போட்டோ எடுக்க வேண்டும். இறங்க விடமாட்டோம் என்று சொல்கிற இடத்தில் லோடே வேண்டாம். எடையையும் சரக்கு மதிப்பையும் அனுப்புகிறவரிடமே எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தில், அப்படி எழுதிக் கொடுக்கும் விவரங்களுக்கு அனுப்புகிறவரே பொறுப்பு என்று இருக்கிறது. அன்றைக்கு என் கையில் அப்படி ஒரு தாளும் இல்லை. ஓவர்லோடு பிடிபட்டால், ஓனருக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. “எனக்குத் தெரியாதுங்க” என்று வாயால் சொன்னால் எடுபடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், டிரைவர் “சரியில்லை” என்றால் வண்டி நிற்க வேண்டும். இதை என் டிரைவரிடம் நேரில் சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டேன். “விடுங்க தம்பி, தொப்பூருக்கு முன்னாடியே புடிச்சாங்களே” என்றார்.

எடைமேடை பற்றிய புகாரைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அந்தத் துறைதான் பார்க்கிறது, இதுவும் பலருக்குத் தெரியாது. யார்டு சீட்டு, டோல்கேட் சீட்டு, சான்றிதழ் போட்டோ மூன்றையும் இணைத்திருக்கிறேன். ஆய்வுக்குப் போகும்போது என்னையும் டிரைவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள், போகிறோம். ஓசூர் பக்கம் யார்டுகளில் ராத்திரி நேரத்தில் ஸ்கிராப் ஏற்றியவர்கள் உங்கள் பழைய எடைச்சீட்டுகளை எடுத்து, மில்லில் இறக்கும்போது போட்ட எடையோடு வைத்துப் பாருங்கள். ஐந்து, ஆறு டன் வித்தியாசம் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஒரு வண்டியின் சீட்டை விடப் பத்து வண்டியின் சீட்டு இருந்தால் ஆய்வாளரிடம் பேச வசதியாக இருக்கும்.