ஆதிச்சநல்லூர் கள அருங்காட்சியகம்: தாழியை இருந்த இடத்திலேயே பார்த்தோம்

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கருங்குளம் தாண்டியதும் சாலையை ஒட்டியே பரம்பு, அதாவது சரளை மேடு, வந்துவிடுகிறது. தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் பழங்கால இடுகாடு.

2023 ஆகஸ்டில் திறந்த இந்த அருங்காட்சியகத்தில், அகழ்ந்த குழிகளை மூடாமல், இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளையும் தூக்காமல், மேலே தடித்த கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அம்மா அதில் கால் வைக்க மறுத்துவிட்டாள். "ஆளு கிடக்க இடம்லா" என்று ஓரமாக நின்றே குனிந்து பார்த்தாள்.

தாழி இருந்த இடத்திலேயே இருப்பது ஏன் முக்கியம்? 1899 முதல் இங்கே தோண்டிய அலெக்சாண்டர் ரே, இரும்பு ஆயுதங்கள் தாழிக்கு வெளியே முனை கீழாகக் குத்தி நின்றதைக் குறித்து வைத்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் மண்ணில் குத்திவிட்டுப் போனதுபோல இருந்ததாம். தாழிக்குள் நெல் உமியும் கிடைத்தது. பொருளை மட்டும் அள்ளிக்கொண்டு போகிறவனுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. ரே எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். அழகுதான். ஆனால் அங்கே நின்றபோது ஒரு சாவு வீடு மனதில் வரவில்லை. இங்கே வந்தது. ரேக்கு முன்பே, 1876-இல் ஜெர்மன்காரர் யாகோர் தோண்டியவை பெர்லினுக்கே போய்விட்டன.

எங்கள் ஊர் மேட்டிலும் மதமதக்கத் தாழிகள் என்று நாங்கள் சொல்லும் முதுமக்கள் தாழிகள் இருந்தன. சரள் அள்ள வந்த ஜேசிபி ஒவ்வொன்றாக உடைத்து லாரியில் ஏற்றியது. சிதறிய ஓடுகளைத் தேய்த்துச் சில்லாக்கி நாங்கள் பாண்டி ஆடினோம். யாரும் தடுக்கவில்லை, அது மயானம் என்று எங்களுக்குச் சொல்லவும் ஆளில்லை. இப்போது அங்கே மனைக்கல் நட்டிருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே முழுசாக ஒரு தாழியைப் பார்த்தபோது அந்தச் சில்லுகள்தான் ஞாபகம் வந்தன. அம்மாவும் அதையேதான் நினைத்திருப்பாள், திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பரம்பில் வெயில் சரளைக்கல்லில் பட்டு முகத்தில் அடிக்கும். தண்ணீர் கையில் இருக்கட்டும். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அப்புறம், கீழே கிடக்கும் ஓட்டுத்துண்டு எதையும் ஞாபகத்துக்கென்று எடுத்து வராதீர்கள்.

எங்கள் ஊர் மேட்டில் வடக்கு மூலை மட்டும் இன்னும் தோண்டாமல் கிடக்கிறது. படம் எடுத்து, சர்வே எண்ணோடு, வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கிறேன். அம்மாவும் வருகிறாள்.