குமானோவில் ஒரே ஒரு நாள்: எந்தப் பாதையில் நடப்பது?

ஜப்பானின் கீ தீபகற்பத்தில் இருக்கும் குமானோ கோடோ ஒற்றைப் பாதை அல்ல. ஹோங்கு, நாச்சி, ஹயாதமா என்ற மூன்று பெருங்கோயில்களை நோக்கி ஆயிரம் வருஷமாக யாத்ரீகர்கள் நடந்து நடந்து உண்டான பாதைப் பின்னல். சாவகாசமாக நடக்க நாலைந்து நாள் வேண்டும். கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் மூன்று பகுதிகள் போட்டிக்கு வருகின்றன.

முதலாவது நாச்சி. படங்களில் எல்லோரும் பார்த்திருப்பது இதைத்தான். கீ-காட்சுரா ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச நேரம் பேருந்து, அப்புறம் டைமோன்சாகாவின் 267 கற்படிகள், இருபுறமும் பழைய தேவதாரு மரங்கள். மேலே ஷிண்டோ (ஜப்பானின் மரபு மதம்) கோயிலும் செய்கான்தோஜி பௌத்தக் கோயிலும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. பக்கத்தில் 133 மீட்டர் அருவி. அந்த அருவியே தெய்வம் என்பதால் அதன் முன்னால் கருவறை கிடையாது. குழந்தைகளோடு போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், இதுதான். ஆனால் பழைய பாதை என்று மிஞ்சியிருப்பது அறுநூறு மீட்டர் அளவுதான். நடக்கவென்றே போகிறவருக்கு அது எந்த மூலைக்கு?

இரண்டாவது ஓகுமோதோரி. கொகுச்சியிலிருந்து நாச்சி வரை 14.5 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். ஏறக்குறைய 800 மீட்டர் ஏற்றத்தில் ஒரு பகுதிக்கு டோகிரிசாகா, அதாவது ‘உடலை வெட்டும் சரிவு’, என்று பெயர். பெயர் வைத்தவர் மிகைப்படுத்தவில்லை. வழியில் பாசி படிந்த பாறை ஒன்றில் சமஸ்கிருத பீஜ எழுத்துகள் மூன்று செதுக்கியிருக்கும், குமானோவின் மூன்று தெய்வங்களுக்காக. கம்பீரமான பாதைதான். ஆனால் முந்தின இரவே கொகுச்சியில் தங்கியாக வேண்டும். மழை பிடித்தால் கற்கள் வழுக்கும். ஒரு நாள் கணக்கில் இது சேராது.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: ஹொஷின்மோன்-ஓஜியிலிருந்து ஹோங்கு வரை 7 கிலோமீட்டர். ஓஜி என்றால் வழியிலுள்ள சிறு கோயில். ஹோங்குவிலிருந்து கால் மணி நேரம் பேருந்தில் மேலே போய், பெரும்பாலும் இறக்கமாகவே நடந்து வரலாம். மூன்று மணி நேரம் போதும். காடு, தேயிலைச் செடிகள், சின்னச் சின்ன ஊர்கள். பாதி வழிக்கு மேல் ஃபுஷிஓகாமி. தூரத்தில் கோயில் இருக்கும் இடம் முதன்முதலாகக் கண்ணில் பட்டதும் யாத்ரீகர்கள் விழுந்து கும்பிட்ட இடம்.

கவிஞர் இசுமி ஷிகிபு இங்கே வந்தபோது அவருக்கு மாதவிலக்கு வந்துவிட்டதாம். கோயிலுக்குள் போக முடியாதே என்று இங்கிருந்தே கும்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். கனவில் குமானோ தெய்வம் வந்து, அதெல்லாம் தடையில்லை, வா என்றதாம். கதைதான், ஆனாலும் ஆண், பெண், உயர்ந்தவர், தாழ்ந்தவர் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளும் தலம் என்று குமானோவுக்குப் பெயர் வந்ததற்கு இப்படிப்பட்ட கதைகளும் காரணம்.

ஹோங்குவில் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். கோயில் முதலில் இருந்தது கீழே, ஆற்று நடுவே உள்ள ஓயுனோஹாராவில். 1889 வெள்ளத்தில் பெரும்பகுதி போய்விட, மிஞ்சியவற்றை 1891-இல் மேட்டுக்கு மாற்றினார்கள். பழைய இடம் இப்போது வெறும் புல்வெளி. வாசலில் மட்டும் சுமார் 34 மீட்டர் உயரத் தோரி, அதாவது ஷிண்டோ கோயிலின் நுழைவாயில்.

இன்னும் காலில் தெம்பு இருந்தால் மலை தாண்டி யுனோமினே என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு நடக்கலாம். இல்லையென்றால் பேருந்து உண்டு. அங்கே சுபோயு என்ற வெந்நீர்க் குளியல் அறை, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பேர், அரை மணி நேரம். முன்பதிவு கிடையாது, அதனால் போனதுமே வரிசை எண் வாங்கி வைத்துவிடுங்கள்.