மூன்றரை வருஷமாக, தினம் ஓர் ஐந்தெழுத்து

ஐந்தெழுத்து என்றால் எங்கள் வீட்டு ஆச்சிக்கு 'நமசிவாய'தான். எனக்கு அந்தச் சொல்லோடு இன்னொன்றும் சேர்ந்து மூன்றரை வருஷம் ஆகிறது.

2022 பிப்ரவரியில் மகள் போனை என் கையில் கொடுத்து, "எம்மா, அஞ்சு எழுத்துல ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லு பாப்போம்" என்றாள். "ஏட்டி, ஸ்பெல்லிங்கே வராத என்ட்ட வந்து கேக்கியே" என்றேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள் நான். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அன்று தொடங்கியது, இன்று வரை காலை செங்கோட்டை பாசஞ்சரில் கல்லிடைக்குறிச்சியில் ஏறி உட்கார்ந்ததும் 'வேர்டில்' விளையாட்டுதான்.

தெரியாதவர்களுக்கு: ஒளித்து வைத்த ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாம் போடும் சொல்லில் சரியான இடத்தில் இருக்கும் எழுத்து பச்சை, சொல்லில் இருந்தும் இடம் மாறியிருந்தால் மஞ்சள், இல்லாதது சாம்பல். ஒரு நாளைக்கு ஒரே சொல். ஜாஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் தன் துணைவிக்காகச் செய்தது, 2021 அக்டோபரில் எல்லோருக்கும் வந்தது. ஆங்கிலத்தில் உள்ள சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களிலிருந்து, பலருக்கும் தெரிந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தைப் பொறுக்கி எடுத்தவர் அந்தத் துணைவிதான். என்னைப் போன்றவர்கள் இதில் தாக்குப்பிடிக்க அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் இரண்டு மாதம் தினமும் தோல்விதான். தமிழ்க் காதை வைத்து ஆங்கில எழுத்தை எண்ணினால் அப்படித்தான் ஆகும். 'லைட்' நமக்கு இரண்டே எழுத்து, அவர்களுக்கு ஐந்து. ரேஷன் கடையில் நிற்கிற 'க்யூ' கூட ஐந்தெழுத்து. முதல் எழுத்தைச் சொன்னதுமே சொல் முடிந்துவிடுகிறது, பின்னால் நான்கு எழுத்து சும்மா நிற்கிறது.

எங்கள் பெட்டியில் வீரவநல்லூரில் ஏறும் ஓய்வு பெற்ற சார்வாள் ஒருவர்தான் வழி சொன்னார். "எழுத்தை ஒத்தையாப் பாக்காதீய. அது யாருகூடச் சேர்ந்து வருதுன்னு பாருங்க." அன்றே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். க்யூ வந்தால் பின்னாலேயே யூ வரும். எச் பெரும்பாலும் எஸ், சி, டபிள்யூ போன்றவற்றுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். இப்படிக் கூட்டாளி பார்த்துப் பக்கம் பிரித்து எழுதினேன். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம், ஒரே ஐந்து எழுத்து இடம் மாறி வேறு சொல்லாகிற பக்கம். பூமியைக் குறிக்கும் 'எர்த்'தில் கடைசி எச்சை எடுத்து முன்னால் வைத்தால் இதயம், 'ஹார்ட்'. நான் தினமும் முதலில் போடும் சொல் 'சிலேட்டு', சின்ன வயதில் குச்சி வைத்து எழுதிய அதே சிலேட்டுதான். அந்த ஐந்து எழுத்தையும் கலைத்து அடுக்கினால் திருட்டும் ('ஸ்டீல்') வரும், ஊசிப்போனதும் ('ஸ்டேல்') வரும், குறைந்தபட்சமும் ('லீஸ்ட்') வரும். அமைதியைச் சொல்லும் 'க்வையட்', ஓரளவு என்கிற 'க்வைட்' இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான், கடைசி இரண்டும் இடம் மாறும். முன்பு கடை மெயிலில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன். நோட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் தப்பு வரவில்லை.

ஒரு தோல்வியைச் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவையிலேயே 'மைட்' போட்டு, ஐ-ஜி-எச்-டி என்று கடைசி நான்கு எழுத்தும் பச்சை. முதல் எழுத்துதான் பாக்கி. சிலேட்டு ஏற்கெனவே சிலதைக் கழித்திருந்ததால் ஃபைட், ரைட், டைட், நைட் என்று நான்கு மிச்சம், கையில் மூன்று வாய்ப்பு. ஃபைட் போட்டேன், ரைட் போட்டேன், டைட் போட்டேன். சேரன்மகாதேவி தாண்டும்போது விடை வந்தது: நைட். சார்வாள் நோட்டை வாங்கி, முன்பக்கம் என்று பொருள் தரும் 'ஃபிரண்ட்'டை எழுதிக் காட்டினார். அதில் எஃப், ஆர், என் மூன்றும் இருக்கின்றன. நாலாவது தடவை அதைப் போட்டிருந்தால், அந்த மூன்றில் எது நிறம் மாறுகிறதோ அதுதான் முதல் எழுத்து. மூன்றில் எதுவுமே மாறவில்லையென்றால் டைட். ஐந்தாவதில் முடிந்திருக்கும். ஜெயிக்காத சொல் என்று தெரிந்தே ஒன்றைப் போடலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. (கடின முறையை இயக்கியிருந்தால் இது செல்லாது, கிடைத்த எழுத்துகளை வைத்துத்தான் ஆட வேண்டும்.)

குறைகளும் உண்டு. எழுத்து அமெரிக்க முறைப்படி. 'கலர்' நமக்குப் பள்ளியில் ஆறெழுத்து, அங்கே ஐந்து. விடைச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அகராதியை நாமே பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் வெறும் எழுத்துக் கணக்காகவே நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஒன்று போதவில்லை என்று இதே மாதிரி வேறொரு ஆப் போட்டேன். சொல்லுக்குச் சொல் விளம்பரம், ஒரே வாரத்தில் எடுத்துவிட்டேன். அப்புறம், ஆங்கிலம் பேச்சு இதனால் வராது. எனக்கு வரவில்லை. ஆனால் மெயில் எழுதும்போது மகளைக் கூப்பிடுவது நின்றுவிட்டது.

நோட்டின் கடைசிப் பக்கம் நம் பக்கத்துச் சொற்களுக்கு. 'மேங்கோ' நம் மாங்காய், 'கர்ரி' நம் கறி. 'பீட்டல்' வெற்றிலையின் மலையாள வடிவம் போர்ச்சுகீசியர் வாய்வழி போனது. பாக்கைச் சொல்லும் 'அரிக்கா' நம் அடைக்காயோடு உறவுள்ள மலையாள அடக்கா. நான்குமே ஐந்தெழுத்து. போன வாரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆச்சியிடம், வெற்றிலை பாக்கு ரெண்டுக்கும் இங்கிலீஷில் அஞ்சு எழுத்து என்று சொன்னேன்.

"சுண்ணாம்புக்கு, ஏட்டி?"

விரல் விட்டு எண்ணினேன். "நாலு, ஆச்சி."